பங்குக் கிணற்றில் வந்த துவக்கு

ஆட்டுக்குச் சொன்னது சாட்சியமாகுமா?

சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில், மேல் நீதிமன்றத்தில், அரச சட்டவாதி எழுந்து நின்று ஆட்சேபம் தெரிவித்த விஷயம் இது. அன்றைக்கு நானும் விடை தெரியாமல்தான் நின்றேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி அலுமாரியில் மாட்டிய பிறகும், அந்த வழக்கை நினைத்தால் எனக்குத் தனியே இருந்து சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணும் கலங்கிவிடுகிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள், துவக்கு வழக்கு என்றதும் முகம் கறுத்து, வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முகம் கறுப்பதில் பிழையில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு ஒருவரின் வீட்டில் எடுபட்டால் சட்டம் அவரிடம் அதிகம் விசாரிப்பதில்லை. அது அங்கே இருந்தது உமக்குத் தெரியுமா? அது உமது கைக்குள் இருந்ததா? இரண்டுக்கும் ஓம் என்றால் கதை கிட்டத்தட்ட முடிந்தது. தொடர்ந்து சுடும் ரகம் என்றால் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் கையில் இருந்தது என்பதற்கும் தனக்கென்று வைத்திருந்தார் என்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. கோயில் வீதியில் கண்டெடுத்த சங்கிலியை ஐயரிடம் கொடுக்கக் கொண்டுபோகிறவரின் கையிலும் சங்கிலி இருக்கத்தான் செய்கிறது. அதனால் அவர் அதை வைத்திருக்கிறார் என்று ஆகிவிடுமா? அந்த இடைவெளிக்குள் உங்கள் கட்சிக்காரரைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் உங்கள் வேலை. மனதைத் திறந்து நீதிபதிக்குக் காட்ட முடியாது. அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைத்தான் காட்டலாம்.

என்னுடைய சீனியர் இப்படி வழக்கு வந்தால் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "உம்மடை ஆள் ஆருக்குச் சொன்னவர்?" வேறு எதுவும் கேட்கமாட்டார். ஒளிக்க நினைக்கிறவன் வாயைத் திறக்கமாட்டான், ஒப்படைக்க நினைக்கிறவனுக்கு ஒருத்தருக்காவது சொல்லாமல் இருப்புக்கொள்ளாது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு கொடுமையானது என்பதையும் நான் பார்த்தேன். ஒரு ஓட்டோக்காரத் தம்பி, சிநேகிதன் தந்த பையைத் தன் வீட்டில் வாங்கி வைத்திருந்தான். உள்ளே இருப்பது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. "ஆருக்கடா சொன்னனி?" என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா, பிரச்சினை வருமெண்டு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு நிச்சயம். ஆனாலும் என்னால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இப்போதும் என் மனதை விட்டுப் போகவில்லை.

முருகேசு அண்ணையின் கதைக்கு வருகிறேன்.

உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தறை, வெங்காயச் செய்கை. தோட்டத்துக்கு நடுவே ஒரு பங்குக் கிணறு. எங்கள் ஊர்க் காணி உறுதிப் பத்திரங்களில் கிணற்றையும் பங்கு போட்டு எழுதுவது உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கு இன்ன நாள் இறைக்கும் முறை, வாய்க்கால் இப்படிப் போகும் என்று எல்லாம் இருக்கும். அந்தக் கிணற்றில் கிழக்குப் பங்கு முருகேசு அண்ணைக்கு, மேற்குப் பங்கு நல்லதம்பி அண்ணைக்கு. பக்கத்துப் பக்கத்து வளவு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே கூடாரத்துக்குள் கிடந்தவர்கள். அப்படிப்பட்ட இருவரும் தண்ணீர் இறைக்கும் மிசினுக்குப் போட்ட சீமெந்துக் கட்டு யாருடைய பக்கம் எவ்வளவு வந்தது என்பதில் பிடுங்குப்பட்டு, வழக்குக்குப் போய், பேச்சை நிற்பாட்டிவிட்டார்கள்.

அந்தக் கிணற்று வழக்கில் முருகேசு அண்ணைக்காக ஆஜரானது நான்தான். மற்றப் பங்குக்காரருக்கு அறிவிக்காமல் கிணற்றிலிருந்து எந்தப் பொருளையும் அகற்றக் கூடாது என்று ஒரு இடைக்காலக் கட்டளையும் எடுத்துக் கொடுத்திருந்தேன். நல்லதம்பி அண்ணை மிசினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் எங்களுக்கு.

வழக்கு நடந்த வருடங்களில் கிணற்றைக் கலக்கி இறைக்க இருவரும் ஒத்துவரவில்லை. சேறு மண்டிப்போனது. ஒரு கடும் கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விட, முருகேசு அண்ணை தன் முறை நாளில் ஆட்களைப் பிடித்துச் சேறு அள்ளினார். வந்தவர்கள் வேலை முடித்துப் போன பிறகு, ஊற்றுக் கண்ணை ஒருக்கால் தன் கையால் துப்புரவாக்க வேண்டுமென்று தானே இறங்கினார். கையில் தட்டுப்பட்டது நீளமான ஒரு பொதி. பொலித்தீன், அதற்குமேல் சைக்கிள் ரியூப், உள்ளே கிறீஸ் பூசிய துவக்கு. யார் போட்டது, எப்போது போட்டது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பிறகு வந்த பகுப்பாய்வு அறிக்கை, அது இன்னும் சுடக்கூடியது என்றது.

அன்று பின்னேரம் பொலிசார் வந்தார்கள். வெங்காயக் கொட்டிலுக்குள், சாக்குகளுக்குக் கீழே துவக்கு இருந்தது. முருகேசு அண்ணையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

விளக்கமறியலில் அவரைப் பார்க்கப் போனேன். எழுபதை நெருங்குகிற மனிதர், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் சுகம் விசாரித்தார். என்னை அவர் எப்போதும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணை, எடுத்த கையோடை பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? அது பங்குக் கிணத்துச் சாமான். மற்றப் பங்குக்காரருக்கு அறிவிக்காமல் ஒண்டும் எடுக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே கட்டளை எடுத்துத் தந்தனீங்கள்."

"ஐயோ அண்ணை, அது மிசினுக்கு எடுத்த கட்டளை!"

"துவக்குத் தவிர எண்டு அதிலை போட்டிருக்கோ?"

எனக்குத் தலையில் கைவைக்கத்தான் தோன்றியது. சட்டத்தை மதிக்கிற கட்சிக்காரர் கிடைப்பது அரிது. இந்த அளவுக்கு மதிக்கிறவர் கிடைத்தால் ஆபத்து.

"உதோடை, தனியத் தூக்கிக்கொண்டு போகவும் பயம் பிள்ளை. பங்குக்காரனும் பக்கத்திலை நிண்டால் ஒரு சாட்சிதானே. அதுவரைக்கும் வெளியிலை போட்டு வைக்க ஏலுமோ? பக்கத்துச் சின்னன்கள் ஓடித் திரியுதுகள். அதுதான் கொட்டிலுக்கை வைச்சனான்."

"சரி, அறிவிச்சனீங்களோ?"

"அறிவிச்சனான்."

"நல்லதம்பி அண்ணையோடை கதைச்சனீங்களோ?"

"சீ! அவரோடை நான் கதைக்கிறேல்லை. ஆட்டுக்குச் சொன்னனான்."

உங்களில் பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்காது. கதை பேச்சு முறிந்தவர்களுக்கும் கதைக்க வேண்டிய தேவை வரும். அப்போது வேலியோரம் போய் நின்று, ஆட்டுக்கோ மாட்டுக்கோ சொல்வதுபோல் உரத்துச் சொல்வார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன் நாய்க்கோ வாழைக்கோ மறுமொழி சொல்வார். இருவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ரோசமும் போகவில்லை, காரியமும் நடந்துவிடும். முருகேசு அண்ணையும் அப்படித்தான் மறியாட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"எடியே, கிணத்துக்குள்ளாலை துவக்கு ஒண்டு வந்திருக்கு. பொலிசிட்டைக் குடுக்கவேணும். பங்குக்காரரும் வந்தால்தான் நான் போவன்."

வேலிக்கு அப்பால் நல்லதம்பி அண்ணை தன் வாழைக்குட்டிக்குச் சொன்னாராம். "பின்னேரம் பாப்பம்."

அந்தப் பின்னேரம்தான் பொலிசார் வந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? நல்லதம்பிதான் காட்டிக் கொடுத்தவர் என்று சந்திக்குச் சந்தி கதை. கிணற்று வழக்கில் வெல்ல முடியாமல் ஆளை உள்ளே தள்ளிவிட்டார் என்றார்கள். இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழக்குத்தொடுநரும் இரகசியத் தகவல் கிடைத்தது என்று மட்டும் சொன்னார்கள், கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. பிணை மனுவும் தள்ளுபடியானது. முருகேசு அண்ணை ஒவ்வொரு முறையும் என்னிடம் வழக்கைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, வெங்காயம் காய்ந்துபோகும், பூமணி தனியே என்ன செய்வாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சிறையிலேயே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

விசாரணை நெருங்கியது. துவக்கு இருந்தது, அவருக்குத் தெரியும், சாக்குக்குக் கீழே மறைத்திருந்தார். இவை மூன்றும் வழக்குத்தொடுநர் கையில். என் கையில் ஒரு ஆடு. ஆட்டைச் சாட்சிக் கூட்டில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடிய ஒரே ஆள் நல்லதம்பி அண்ணை. ஆனால் காட்டிக் கொடுத்தவர் அவரேயானால், அவரை நானே கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைப்பது என் கட்சிக்காரரின் கழுத்தில் நானே கயிறு போடுவதுபோல. மறுமொழி தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நீங்களும் படித்திருப்பீர்கள். கூட இருந்த சட்டத்தரணிகள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள்.

முருகேசு அண்ணையின் மனைவி பூமணி அக்கா என்னைப் பார்க்க வந்தார். கோபத்தில் பொரிந்து தள்ளினார்.

"செய்யிறதையும் செய்துபோட்டு உந்த மேற்குப் பங்கு மனிசன் இப்ப எங்கடை முறை நாளிலை வந்து எங்கடை வெங்காயத்துக்கும் இறைச்சு விடுது பிள்ளை! நான் போறதுக்குள்ளை வாய்க்காலிலை தண்ணி ஓடுது. பாவத்தைக் கழுவப் பாக்கிறார்."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ அக்கா?"

"நான் ஏன் கேக்கவேணும்? எங்களோடைதான் கதை இல்லையே."

அக்கா போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். காட்டிக் கொடுத்தவன் பயிரைக் காயவிடுவான், அல்லது தலையைக் காட்டாமல் இருப்பான். தோட்டத்துக்கு நடுவே, ஊர் பார்க்க, பகையாளியின் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற மனிதரிடம் வேறு ஏதோ இருக்கிறது என்று என் மனம் சொன்னது. புத்தகம் சொன்னதை விட்டுவிட்டு அந்த வாய்க்காலை நம்பினேன்.

நல்லதம்பி அண்ணையிடம் போனேன். படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் அவரின்ரை லோயர். உங்களோடையும் எனக்குக் கதை இல்லை" என்று திரும்பினவர், வாழையடியில் நின்றுகொண்டு சொன்னார். "கோட்டிலையிருந்து அழைப்பாணை வந்தால் ஆரெண்டாலும் போகத்தானே வேணும்."

வாழைக்குச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு வந்து, அழைப்பாணைக்கு விண்ணப்பித்தேன்.

வழக்கு நாள். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றி நிறைய விபூதி. நல்லதம்பி அண்ணை கூட்டில் ஏறினார். முருகேசு அண்ணை நின்ற பக்கம் மறந்தும் திரும்பவில்லை. பெயரையும் சொல்லவில்லை. கடைசிவரை "கிழக்குப் பங்கு" என்றுதான் சொன்னார்.

"கிழக்குப் பங்கு உங்களிட்டைத் துவக்கைப் பற்றிச் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

நான் அவசரமாகக் கோப்பைப் புரட்டினேன்.

"ஆட்டுக்குச் சொன்னவர்" என்றார்.

அரச சட்டவாதி துள்ளி எழுந்தார். ஆட்டுக்குச் சொன்னது சாட்சியாகாது, இந்தச் சாட்சியிடம் எதுவும் சொல்லப்படவில்லை என்று ஆட்சேபித்தார். மன்று சிரித்தது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாட்சியைக் கேட்டார்.

"அவர் ஆட்டுக்குச் சொன்னது உமக்குச் சொன்னதென்று எப்படித் தெரியும்?"

"ஐயா, ஆட்டுக்கு என்னத்துக்கு அவ்வளவு சத்தமாச் சொல்லவேணும்? அது பக்கத்திலைதானே நிண்டது."

ஆட்சேபம் அத்தோடு போனது. ஆட்டிடம் சொன்னதையும் வாழையிடம் சொன்னதையும் அவர் சொல்லுக்குச் சொல் சொன்னார். நான் என் இருக்கையில் அமர்ந்துவிட்டேன். போதும் என்று இருந்தது. அரச சட்டவாதி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"நீர் உமது அயலவரைக் காப்பாற்றுவதற்காக இங்கே வந்திருக்கிறீர்."

நல்லதம்பி அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "நானோ? அவரைக் காப்பாத்தவோ? அவரோடை எனக்குக் கிணத்து வழக்கு நடக்குது தெரியுமோ! கட்டு அரை அடி என்ரை பக்கம் வந்திருக்கு!"

சட்டவாதி இளம் பிள்ளை, கெட்டிக்காரர். அத்தோடு விட்டுவிட்டு அமர்ந்திருக்கலாம். ஆனால் இன்னொன்று கேட்டார்.

"அப்படிப் பகையான ஒருவரின் வீட்டில் துவக்கு இருக்கிறதென்று உமக்கு உண்மையாகவே தெரிந்திருந்தால், நீர் ஏன் பொலிசுக்கு அறிவிக்கவில்லை?"

நல்லதம்பி அண்ணை கூட்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவையாக முருகேசு அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்.

"அறிவிச்சனான்" என்றார்.

"நான்தான் போன் எடுத்தனான். கிணத்துக்குள்ளாலை துவக்கு ஒண்டு வந்திருக்கு, மனிசன் குடுக்கிறதுக்குத்தான் வைச்சுக்கொண்டு நிக்குது, நீங்களே வந்து எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு சொன்னனான். உந்தச் சாமானை வயசுபோன ஆள் ஓட்டோவிலை கொண்டுபோய், வழியிலை மறிச்சாங்களெண்டால் என்ன கதி? வெடிச்சாலும் வெடிக்கும். நானும் கூடப் போகலாமெண்டால் எங்களுக்குள்ளை கதை இல்லை. ஆனா துவக்கு எண்ட உடனை அவையள் மிச்சத்தைக் கேக்கேல்லை. போனை வைச்சிட்டினம்."

நீதிபதி மெல்லக் கேட்டார். "இதை இவ்வளவு காலமும் நீர் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் ஆர் நம்புவினம் ஐயா? வழக்குக்காரன் நான். போன் எடுத்தது நான்தான் எண்டால், காட்டிக் குடுத்தவன் எண்டு என்ரை சவத்துக்குப் பின்னாலையும் சொல்லுவினம். பயத்திலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். இண்டைக்கு நேரை கேட்டுப்போட்டினம். சத்தியம் பண்ணிப்போட்டு இனி என்னெண்டு மறைக்கிறது?"

முருகேசு அண்ணை துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கையில் இருந்த தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பிள்ளைகளே, மன்றில் அழக் கூடாது என்று நான் உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

தகவலை வாங்கிய அலுவலரை நீதிபதி திரும்பவும் அழைத்தார். துவக்கு என்றதும் புறப்பட்டுவிட்டோம், முழுவதையும் கேட்கவில்லை என்று அவரும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். தீர்ப்பு அதன் பிறகு கடினமாக இருக்கவில்லை. ஒளித்து வைக்க நினைக்கிறவர் தன்னோடு வழக்காடும் மனிதருக்கு அதை அறிவிக்கமாட்டார். பிள்ளைகள் தொடாமல் சாக்குப் போட்டு மூடியது பாதுகாப்புக்காக. ஒப்படைக்கும்வரை அவர் அந்தத் துவக்குக்குக் காவல் இருந்தாரே தவிர, அதைத் தன் உடைமையாக வைத்திருக்கவில்லை. நீதிபதி இதைச் சொல்லி முருகேசு அண்ணையை விடுவித்தார்.

பூமணி அக்கா கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு வீட்டில் இருந்தார். அதனால் முருகேசு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போக நானே ஓட்டோ பிடித்தேன். நல்லதம்பி அண்ணை நீதிமன்ற வாசலில் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றார்.

"பிள்ளை, இந்த ஓட்டோவிலை இன்னுமொரு ஆளுக்கு இடமிருக்கு" என்றார் முருகேசு அண்ணை என்னிடம்.

"பஸ் வரப் பிந்தும்போலை இருக்கு பிள்ளை" என்றார் நல்லதம்பி அண்ணையும் என்னிடம்.

நடுவில் என்னை இருத்திக்கொண்டு இருவரும் ஏறினார்கள். உரும்பிராய் வரையும் நான்தான் ஆடு. வெங்காயம் எப்படி இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் கேட்பார். முளை நல்லா வந்திருக்கு என்று மற்றவர் என்னிடம் சொல்வார். எனக்கு வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒழுங்கை வாசலில் நல்லதம்பி அண்ணை இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓட்டோவின் கம்பிக்குச் சொன்னார்.

"நாளைக்குக் கிழக்குப் பங்கின்ரை முறை. இனி அவையவையின்ரை பயிருக்கு அவையவை இறைக்கலாம்."

முருகேசு அண்ணை என்னைத் தாண்டிக் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் நீயே இறையடா நல்லதம்பி. என்ரை பயிருக்கு உன்ரை கைத்தண்ணி பழகிப்போச்சு."

நல்லதம்பி அண்ணை சுற்றிவரப் பார்த்தார். பக்கத்தில் ஆடும் இல்லை, வாழையும் இல்லை.

"ஓமடா" என்றார்.

இதிலிருந்து நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று நான் நீட்டி முழக்கப் போவதில்லை. யாருக்குச் சொன்னார் என்று கேளுங்கள். ஒருத்தருக்கும் இல்லை என்று மறுமொழி வந்தால் உடனே கோப்பை மூடிவிடாமல், எந்த ஆட்டுக்குச் சொன்னார் என்றும் கேளுங்கள். உங்கள் கட்சிக்காரரின் பகையாளியை எதிர்ப்பக்கத்து ஆள் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்.

அடுத்த மாதம் கிணற்று வழக்குத் தவணை வந்தது. கட்டு கால் அடிதான் வந்ததா, அரை அடி வந்ததா என்பதில் இருவரும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கும் எதிர்ப்பக்கச் சட்டத்தரணிக்கும் தொண்டை வறண்டுபோகும் அளவுக்கு வாதம் நடந்தது. தவணை போட்ட பிறகு வெளியே வந்து பார்த்தேன். இருவரும் ஒரே ஓட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.